ஜாவா ஸ்விங்கில் ஒரே மாதிரியான வரிசைகள்: குளங்களின் நீர்மட்டப் பதிவுத் திரையை மீள்வரவின்றி அமைத்தல்

கிளிநொச்சி மாவட்டத்துக் குளங்களின் நீர்மட்டத்தை நாள்தோறும் பதிந்து வைக்கும் ஒரு சிறிய செய்நிரலை ஜாவாவில், அதன் திரைக்கூறுகளை அமைக்கும் ஸ்விங் நூலகத்தைக் கொண்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரணைமடு, அக்கராயன், கல்மடு, புதுமுறிப்பு, குடமுருட்டி, வன்னேரி, பிரமந்தனாறு, கனகாம்பிகை என்று எட்டுக் குளங்களை எடுத்துக்கொண்டால் திரையில் எட்டு வரிசைகள் வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் குளத்தின் பெயர், அடியை இடுவதற்கு ஓர் எண் பெட்டி, அங்குலத்தை இடுவதற்கு இன்னோர் எண் பெட்டி, துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு) திறந்துள்ளதா பூட்டியுள்ளதா என்று தெரிவுசெய்வதற்கு ஒரு பெட்டி, கடைசியில் ‘பதி’ என்ற பொத்தான் ஆகிய ஐந்து கூறுகள் இருக்கும். ஆக மொத்தம் நாற்பது கூறுகள்.

உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு, வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ ஒரு தொழினுட்பக் கல்லூரியிலோ இப்போதுதான் ஜாவாவைத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இத்தகைய திரையை முதன்முதலாகச் செய்பவர் இரணைமடுவுக்கான பதினைந்து வரிகளை எழுதி, அவை வேலை செய்வதைக் கண்டதும், அவற்றைப் பிரதி எடுத்து ஏழு தடவை கீழே ஒட்டி, பெயர்களையும் எண்களையும் மாற்றுவார். திரை சரியாகவே தோன்றும். சிக்கல் அன்றைக்கு வராது. முதலாவது திருத்தம் வரும்போதுதான் வரும்.

அந்தத் திருத்தம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். இரணைமடுவின் முழுமட்டம் 36 அடி. ஆகவே அடிப் பெட்டியின் மேலெல்லையை 36 என்று இட்டிருப்பீர்கள். ஏனைய குளங்களுக்கும் அவற்றின் முழுமட்டத்தையே இட்டிருப்பீர்கள். மார்கழி மழையில் குளம் வான் பாயும்போது நீர் முழுமட்டத்தைக் கடந்து நிற்கும் என்பதை வயற்காரர் எவரும் சொல்வார், ஆனால் உங்கள் பெட்டி அந்த எண்ணை ஏற்காது. மேலெல்லையைச் சில அடி கூட்ட வேண்டும். எட்டு இடங்களில் ஏழை மாற்றிவிட்டு ஒன்றை மறந்தால், மறந்த குளம் வெள்ள நாளில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மீள்வரும் வரிகளை ஒழிப்பதன் நோக்கம் தட்டச்சு வேலையைக் குறைப்பது அன்று. ஒரு விதி செய்நிரலில் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இங்கே செய்நிரலைப் போலிக்குறிமுறையில், அதாவது அப்படியே ஓடவிட முடியாத விளக்க வடிவில் தருகிறேன்; ஜாவாவின் சொந்தப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருப்பதால் உங்கள் எடிட்டரில் அவற்றை எளிதில் தேடி எடுக்கலாம். நீங்களே சூட்டும் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். ஜாவா யூனிகோடை ஏற்கும் மொழியாதலால் மாறிக்கும் மெதட்டுக்கும் வகுப்புக்கும் தமிழ்ப் பெயரிடத் தடையில்லை. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தாற் போதும். 2022இல் வந்த ஜாவா 18 முதல் தொகுப்பானும் அம்முறையையே இயல்பாகக் கொள்கிறது. அதற்கு முந்திய பதிப்பை விண்டோஸில் பயன்படுத்துவோர் தொகுக்கும்போது என்கோடிங்கை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

முதலில் இரண்டு வரிசைகளைக் கையால் எழுதுங்கள்

எடுத்த எடுப்பிலேயே பொதுவான மெதட் ஒன்றை எழுத முயல வேண்டாம். எது பொது, எது வேறு என்று தெரியாமல் எழுதும் பொது மெதட் பெரும்பாலும் தவறான இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். இரண்டு குளங்களுக்கு முழுமையாக எழுதி, ஓடவிட்டு, பிறகு அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள்.

பெயர்1 = புதிய ஜேலேபல்("இரணைமடு")
பெயர்1.செட்ஃபொன்ட்(புதிய ஃபொன்ட்("நிர்மலா யூஐ", சாதாரணம், 16))
அடி1 = புதிய ஜேஸ்பின்னர்(புதிய ஸ்பின்னர்நம்பர்மொடல்(0, 0, 36, 1))
அங்குலம்1 = புதிய ஜேஸ்பின்னர்(புதிய ஸ்பின்னர்நம்பர்மொடல்(0, 0, 11, 1))
பதி1 = புதிய ஜேபட்டன்("பதி")
பதி1.செட்ஃபொன்ட்(புதிய ஃபொன்ட்("நிர்மலா யூஐ", சாதாரணம், 16))

துருசுப் பெட்டியையும் பனலில் (கூறுகளைத் தாங்கும் தளத்தில்) சேர்க்கும் வரிகளையும் இங்கே விட்டிருக்கிறேன். இதே வரிகளை அக்கராயனுக்கும் எழுதி, இரண்டிலும் வேறுபடும் இடங்களுக்கு மட்டும் பென்சிலால் கீழ்க்கோடிடுங்கள். குளத்தின் பெயர், முழுமட்டம், மாறிகளின் வால் எண் ஆகிய மூன்றுக்கு மட்டுமே கோடு விழும். வால் எண் நாமே உண்டாக்கிய சிக்கல். அது பிறகு தானாகவே மறையும். ஆகவே ஒரு குளத்தை இன்னொரு குளத்திலிருந்து உண்மையில் வேறுபடுத்துபவை ஒரு சொல்லும் ஓர் எண்ணும்தாம். பதினைந்து வரிகளுக்குள் இந்த இரண்டும் புதைந்து கிடப்பதே பிரதி எடுத்து ஒட்டிய செய்நிரலின் பெரிய குறை: வாசிப்பவரால் முக்கியமானதைப் பார்வையில் பிடிக்க முடியாது.

இந்தக் கீழ்க்கோட்டுப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். இனி வரும் படிகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன: கோடு விழாதவை மெதட்டுக்குள் போகும், கோடு விழுந்தவை அதற்குக் கொடுக்கும் உள்ளீடாகும்.

தோற்றத்தை ஓரிடத்தில் வையுங்கள்

மிக எளிய படி இது. எழுத்துரு, நிறம், விளிம்பு ஆகியவற்றை வகுப்பின் தொடக்கத்தில் மாறிலிகளாக அறிவித்து, எல்லா இடத்திலும் அந்தப் பெயர்களையே பயன்படுத்துங்கள். தமிழ்த் திரைகளுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் வரும் எழுத்துரு. அதற்கு முந்திய கணினிகளில் லதா இருக்கும். லினக்ஸ் கணினியில் இரண்டுமே இல்லாமலிருக்கலாம். எழுத்துரு இல்லாத கணினியில் குளங்களின் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும் அபாயம் உண்டு. ஃபொன்ட் வகுப்பில் கேன்டிஸ்ப்ளேஅப்டு என்ற மெதட் இருக்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், முழுவதையும் காட்ட முடியுமாயின் -1 என்று விடையளிக்கும். இரண்டு மூன்று எழுத்துருக்களை இவ்வாறு சோதித்துப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் சிறிய மெதட் ஒன்றை எழுதி, அதன் விடையை ‘தமிழெழுத்து’ என்ற மாறிலியில் வைத்துவிட்டால், நாற்பது கூறுகளும் அதையே பின்பற்றும். எழுத்துருப் பெயர் பதினாறு இடங்களில் சிதறிக் கிடந்தால் இந்தச் சோதனையைச் செய்யும் எண்ணமே எவருக்கும் வராது.

ஸ்விங்கின் பொதுத் தோற்ற அமைப்புகளை வைத்திருக்கும் யூஐமனேஜர் மூலம் எல்லா லேபல்களுக்கும் எல்லாப் பொத்தான்களுக்கும் ஒரே தடவையில் எழுத்துரு இடுவதும் நல்ல வழியே. கூறுகளை உருவாக்குவதற்கு முன்னரே அதைச் செய்துவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

ஒரு கூறுக்கு ஒரு மெதட்

இனி ஒவ்வொரு வகைக் கூறையும் செய்து தரும் சிறிய மெதட்டுகளை எழுதுங்கள்.

ஜேபட்டன் பொத்தான்செய்(எழுத்து, செயல்)
    ப = புதிய ஜேபட்டன்(எழுத்து)
    ப.செட்ஃபொன்ட்(தமிழெழுத்து)
    ப.அட்அக்‌ஷன்லிசனர்(செயல்)
    திருப்பு ப

ஜேஸ்பின்னர் எண்பெட்டிசெய்(மேலெல்லை)
    திருப்பு புதிய ஜேஸ்பின்னர்(புதிய ஸ்பின்னர்நம்பர்மொடல்(0, 0, மேலெல்லை, 1))

பொத்தானை அழுத்தும்போது நடக்க வேண்டியதையும் ஓர் உள்ளீடாகவே கொடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். 2014இல் ஜாவா 8 லாம்டாவை (பெயரிடாமல் அந்த இடத்திலேயே எழுதும் சிறு செயலை) கொண்டுவந்த பிறகு இது ஒரே வரியில் முடிகிற வேலை. அதற்கு முன்னர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரில்லாத ஓர் உள் வகுப்பை எழுத வேண்டியிருந்தது; பழைய பாடக்குறிப்புகளில் அந்த வடிவமே இன்னும் நிறைந்திருப்பதால், அவற்றைப் பார்த்துப் படிப்பவர்களின் செய்நிரல் தேவையின்றி நீண்டுவிடுகிறது.

ஜேபட்டனை நீட்டிப்பதாக ‘பதிபொத்தான்’ என்று புதிய வகுப்பொன்றை எழுதலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எழுத்துருவையும் சொல்லையும் இடுவதற்காக மட்டும் மரபுரிமை வகுப்பொன்று வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொத்தானின் நடத்தையை மாற்றும்போது புதிய வகுப்பு தகும். பொத்தானை அலங்கரிப்பதற்கு ஒரு மெதட் போதும்.

மெதட்டின் உள்ளீடுகள் பெருகத் தொடங்கினால் நின்று யோசியுங்கள். பொத்தான்செய் என்ற மெதட்டுக்கு எழுத்து, செயல் ஆகியவற்றோடு மெய், பொய், பொய் என்று மூன்று தருக்க மதிப்புகளையும் கொடுக்கும் நிலை வந்துவிட்டால், அழைக்கும் வரியை வாசிப்பவருக்கு எந்தப் பொய் எதைக் குறிக்கிறது என்று விளங்காது. அப்போது பெயர் தெளிவான இரண்டு மெதட்டுகளாகப் பிரிப்பதே நல்லது.

எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது

மீள்வரவைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். எண்பெட்டிசெய் மெதட்டில் ஒவ்வொரு தடவையும் புதிய ஸ்பின்னர்நம்பர்மொடல் உருவாகிறது. அங்குலத்துக்கான மொடல் எல்லாக் குளங்களுக்கும் 0 முதல் 11 வரைதானே, அதை ஒருமுறை செய்து எட்டுப் பெட்டிகளுக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றும். செய்து பாருங்கள்: கல்மடுவின் அங்குலத்தை 7 ஆக்கியதும் எட்டுக் குளங்களின் அங்குலமும் ஒன்றாக 7 ஆகும். பெட்டி என்பது மொடலைக் காட்டும் முகம் மட்டுமே. எண் இருப்பது மொடலில். ஒரே மொடலைப் பகிர்ந்த பெட்டிகள் ஒரே எண்ணையே காட்டும். துருசுப் பெட்டியின் மொடலுக்கும், எழுதும் பெட்டியின் டொக்கியுமென்டுக்கும் இது பொருந்தும்.

கூறுகளைப் பகிர்ந்தால் விளைவு வேறு விதமாக இருக்கும். ஒரு ஜேபட்டனை ஒருமுறை உருவாக்கி, அதையே எட்டு இடங்களில் சேர்த்தால் எட்டுப் பொத்தான்கள் தோன்றுவதில்லை. ஸ்விங்கில் ஒரு கூறுக்கு ஒரு தாய்க் கூறே இருக்க முடியும். அடுத்த இடத்தில் சேர்த்த உடனே முந்திய இடத்திலிருந்து அது நீங்கிவிடும். ஆகவே கடைசி இடத்தில் மட்டுமே பொத்தான் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராததால், புதியவர்கள் லேஅவுட்டில் (கூறுகளை அடுக்கும் ஒழுங்கில்) பிழை என்று எண்ணி வெகுநேரம் தேடுவார்கள்.

மாறாக, ஃபொன்ட், கலர் ஆகிய இரண்டும் உருவான பிறகு மாறாதவை. எத்தனை கூறுகளுக்கும் பகிரலாம். விளிம்புகளும் அவ்வாறே பகிரப்படுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு கூறு எந்த இடத்தில் வரவேண்டும் என்று குறிக்கும் கிரிட்பேக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் பார்வைக்கு ஆபத்தானது போலத் தெரிந்தாலும் ஆபத்தில்லாதது: கூறைச் சேர்க்கும்போது கிரிட்பேக்லேஅவுட் அதன் நகலொன்றைத் தன்னிடம் எடுத்துக்கொள்வதால், ஒரே ஒப்ஜெக்டின் வரிசை எண்ணை மாற்றி மாற்றி மறுபடியும் பயன்படுத்தலாம். ஒன்றைப் பகிர்வதற்கு முன்னர், பயனர் தட்டும்போது இதற்குள் ஏதேனும் மாறுமா என்று கேளுங்கள். மாறுமானால் ஒவ்வொரு வரிசைக்கும் புதிதாக ஒன்று செய்ய வேண்டும்.

வரிசைக்கு ஒரு வகுப்பு

கூறுகளை மெதட்டில் செய்தாயிற்று. அடுத்து, “எல்லாவற்றையும் லூப்பில் செய்துவிட்டால், அடி1, அடி2 என்ற மாறிகள் இல்லாமற்போகின்றனவே, பிறகு எப்படி எண்ணை வாசிப்பது?” என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து பழைய நாற்பது மாறிகளுக்கே திரும்பிவிடுகிறார்கள். வரிசையையே ஒரு வகுப்பாக்கினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

வகுப்பு குளவரிசை
    குளம்
    அடி, அங்குலம், துருசு
    குளவரிசை(குளம்)
        இந்த.குளம் = குளம்
        அடி = எண்பெட்டிசெய்(குளம்.முழுமட்டம் + வான்இடம்)
        அங்குலம் = எண்பெட்டிசெய்(11)
        துருசு = துருசுப்பெட்டிசெய்()
    சேர்(பனல்)
        பனல்.அட்(பெயர்ச்சீட்டுசெய்(குளம்.பெயர்))
        பனல்.அட்(அடி)
        பனல்.அட்(அங்குலம்)
        பனல்.அட்(துருசு)
        பனல்.அட்(பொத்தான்செய்("பதி", இந்தவரிசையைப்பதி))
    மொத்தஅங்குலம்()
        திருப்பு அடியின் எண் × 12 + அங்குலத்தின் எண்

வான் பாயும் நாளுக்கான கூடுதல் அடியை ‘வான்இடம்’ என்ற ஒரே மாறிலி தாங்குகிறது. தொடக்கத்தில் பார்த்த திருத்தம் இப்போது ஒரு வரியில் முடியும். மறக்கப்படுவதற்கு வேறு இடமே இல்லை.

எண்ணை வாசிக்கும் வேலையும் இங்கேயே அடங்குகிறது. ஜேஸ்பின்னரின் கெட்வல்யூ எப்போதும் ஒப்ஜெக்ட் வகையையே திருப்புவதால், அதை முழுஎண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். மொடலுக்கு முழுஎண்களைக் கொடுத்திருந்தால் இன்டிஜர் வரும். எவரேனும் அரை அங்குலம் வேண்டுமென்று படியை 0.5 ஆக்கினால் டபிள் வரும், அப்போது பழைய மாற்றம் ஓடும் நேரத்தில் உடைந்துபோகும். நாற்பது மாறிகள் இருந்த செய்நிரலில் இந்த மாற்றம் பதினாறு இடங்களில் இருந்திருக்கும். வரிசை வகுப்பில் அது மொத்தஅங்குலம் என்ற மெதட்டுக்குள் மட்டும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஸ்பின்னர் இருக்கிறதா எழுதும் பெட்டி இருக்கிறதா என்றுகூடத் தெரியத் தேவையில்லை.

வரிசை வகுப்பை ஜேபனலின் நீட்சியாக எழுதாமல், பனலை வெளியிலிருந்து வாங்கும் சேர் என்ற மெதட்டை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வரிசையும் தனிப் பனலாக இருந்தால், ஒவ்வொன்றும் தன் அகலத்தைத் தானே கணிக்கும். கனகாம்பிகை என்ற பெயர் கல்மடு என்பதைவிட நீளமானதாகையால் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேரே நிற்காமல் முன்பின்னாகச் சிதறும். எட்டு வரிசைகளின் கூறுகளும் ஒரே பனலில் இருந்தால் நிரல்கள் நேராகும். தொடக்கத்துக்கு அந்தப் பனலுக்கு கிரிட்லேஅவுட் போதும்: நிரைகளின் எண்ணிக்கையை 0 என்றும் நிரல்களை 5 என்றும் கொடுத்தால், எத்தனை குளங்கள் சேர்ந்தாலும் நிரைகள் தாமாகக் கூடிக்கொள்ளும். எல்லாக் கட்டங்களும் ஒரே அகலத்தில் இருப்பது பிடிக்கவில்லை என்றால் பிறகு கிரிட்பேக்லேஅவுட்டுக்கு மாறலாம். மாற்றம் சேர் மெதட்டுக்குள்ளும் பனலை அமைக்கும் வரியிலுமே நடக்கும்.

வேறுபடுவதைப் பட்டியலாக்குங்கள்

கீழ்க்கோடு விழுந்த இரண்டு விடயங்களுக்கும் இப்போது ஓர் இருப்பிடம் வேண்டும். 2021இல் வந்த ஜாவா 16 முதல் ரெக்கோர்ட் என்ற வடிவம் மொழியின் நிலையான பகுதியாகிவிட்டது. ஒரே வரியில் பெயரையும் முழுமட்டத்தையும் கொண்ட ‘குளம்’ என்ற வகையை அறிவித்துவிடலாம். அதற்கு முந்திய பதிப்பில் வேலை செய்வோர் இரண்டு புலங்கள் கொண்ட சாதாரண வகுப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

ரெக்கோர்ட் குளம்(பெயர், முழுமட்டம்)

குளங்கள் = பட்டியல்(
    புதிய குளம்("இரணைமடு", 36),
    புதிய குளம்("அக்கராயன்", ...),
    ... )

ஒவ்வொரு குளம் க, குளங்களில்
    வ = புதிய குளவரிசை(க)
    வ.சேர்(பனல்)
    வரிசைகள்.அட்(வ)

புள்ளியிட்ட இடங்களில் அந்தந்தக் குளத்தின் முழுமட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களப் பதிவின்படி இடுங்கள். இந்தப் பட்டியலை ஜாவா தெரியாத ஒருவரிடம் காட்டினாலும் அவர் பிழை கண்டுபிடித்துச் சொல்வார்: “தம்பி, புதுமுறிப்புக்கு நீங்கள் போட்ட மட்டம் பிழை” என்று கமக்காரர் அமைப்பின் செயலாளர் விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குச் செய்நிரலின் இந்தப் பகுதி தெளிவாகிவிட்டது. நூற்றிருபது வரிகளுக்குள் அதே எண் புதைந்திருந்தபோது அது நடந்திருக்காது.

‘வரிசைகள்’ என்ற பட்டியலில் எட்டு வரிசைகளையும் சேர்த்து வைத்திருப்பதால், திரை முழுவதற்குமான வேலைகளை அதன்மேல் இன்னொரு சிறிய லூப்பாக எழுதலாம்: எல்லாவற்றையும் பதிதல், எல்லாவற்றையும் வெறுமையாக்குதல், எண் இடப்படாத குளத்தைச் சிவப்பில் காட்டுதல் ஆகியவை தலைக்கு மூன்று நான்கு வரிகளில் முடியும்.

லூப்புக்குள் லாம்டா எழுதும்போது ஒரு தடை குறுக்கிடக்கூடும். மேலே காட்டியவாறு ‘ஒவ்வொரு குளம் க’ என்ற வடிவில் எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் க புதியதொரு மாறியாகையால் அதை லாம்டாவுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் பழைய வடிவ லூப்பில், அந்த எண்ணை லாம்டாவுக்குள் குறிப்பிட்டால் தொகுப்பான் மறுக்கும். லாம்டாவுக்குள் பயன்படும் உள்ளக மாறி மதிப்பிட்ட பின் மாறாததாக இருக்க வேண்டும் என்பது ஜாவாவின் விதி. லூப்பின் உள்ளே ‘இந்தஎண்’ என்று புதிய மாறியொன்றில் அதைப் பிரதி எடுத்து, அந்த மாறியைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும்.

‘எல்லாவற்றையும் பதி’ என்ற செயல் மெனுவிலும் ஒரு பொத்தானிலும் இருக்க வேண்டுமென்றால், அப்ஸ்ட்ராக்ட்அக்‌ஷன் வகுப்பிலிருந்து ஒரு செயலை உருவாக்கி இரண்டுக்கும் கொடுங்கள். பெயர், படம், வேலை ஆகிய மூன்றையும் அச்செயலே வைத்திருக்கும். பதிவு நடந்துகொண்டிருக்கும் வேளையில் அதை முடக்கினால் மெனுவும் பொத்தானும் ஒன்றாகவே மங்கும். தனித்தனியே முடக்கும் இரண்டு வரிகளில் ஒன்றை மறக்கும் வாய்ப்பு அத்துடன் இல்லாமற்போகிறது.

ஒன்றாக்கக் கூடாதவை

இந்தத் திரை சிலகாலம் பயன்பட்ட பிறகு, மழைவீழ்ச்சியையும் இதிலேயே பதியலாமே என்று எவரேனும் கேட்பார். மழையும் ஓர் எண் பெட்டி, ஒரு பெயர், ஒரு பதி பொத்தான். குளவரிசையை ஒரு தருக்க மதிப்புக் கொடுத்து மழைக்கும் பயன்படுத்தினால் என்ன?

வேண்டாம். மழை மில்லிமீற்றரில் தசமத்துடன் பதியப்படுவது, காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணித்தியாலத்துக்குக் கணக்கிடப்படுவது. அதற்குத் துருசும் இல்லை, முழுமட்டமும் இல்லை, வானும் இல்லை. இன்றைக்கு இரண்டும் ஒத்திருப்பது தற்செயல். நாளைக்கு வளிமண்டலவியல் தேவைக்காக மழைப் பெட்டி மாறும்போது குளப் பெட்டியும் அதனுடன் இழுபடும். குளவரிசைக்குள் ‘மழையானால் இது, இல்லாவிட்டால் அது’ என்ற கிளைகள் முளைக்கத் தொடங்கும். இரண்டு செய்நிரற் பகுதிகள் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேளுங்கள். ஒரே காரணத்துக்காக மாறும் என்றால் ஒன்றாக்குங்கள். வெவ்வேறு காரணங்களுக்காக மாறும் என்றால், வரிகள் எவ்வளவு ஒத்திருந்தாலும், மழைவரிசை என்று தனி வகுப்பை எழுதுங்கள். பொத்தான்செய், பெயர்ச்சீட்டுசெய் ஆகியவற்றை இரண்டு வகுப்புகளும் பயன்படுத்தட்டும். தோற்றம் இரண்டுக்கும் பொதுவானதே.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், மீள்வரவைக் குறைக்கக் கற்றுக்கொண்டவர் கண்ணில் படுவதையெல்லாம் ஒன்றாக்க முனைவார் என்பதே. தவறாக ஒன்றாக்கிய செய்நிரலைப் பிரிப்பது, இரண்டு தடவை எழுதிய வரிகளை ஒன்றாக்குவதைவிடக் கடினமான வேலை.

நெட்பீன்ஸில் வரைபவர்களுக்கு

நெட்பீன்ஸ் என்ற செய்நிரல் எழுதும் கருவியில் கூறுகளை இழுத்துப் போட்டுத் திரை வரைபவர்கள், மேலே சொன்னவற்றை எங்கே எழுதுவது என்று குழம்புவதுண்டு. அந்தக் கருவி உருவாக்கும் வரிகள் பூட்டப்பட்ட பகுதிக்குள் இருக்கும். எடிட்டரில் அவற்றைத் திருத்த முடியாது. ஆகவே மீள்வரும் வரிசைகளை அதில் வரைய வேண்டாம். தலைப்பு, திகதி, கீழேயுள்ள பொதுப் பொத்தான்கள் ஆகியவற்றை வரைந்துவிட்டு, வரிசைகள் வரவேண்டிய இடத்தில் வெறும் ஜேபனல் ஒன்றை மட்டும் வையுங்கள். கட்டமைப்பானில் இனிட்கம்போனன்ட்ஸ் அழைக்கப்பட்ட பிறகு வரும் வரியில், உங்கள் லூப்பைக் கொண்டு அந்தப் பனலை நிரப்புங்கள்.

பட்டியலைக் கோப்புக்கு நகர்த்துதல்

கடைசிப் படி கட்டாயமானதன்று, ஆயினும் பயனுள்ளது. முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் சேர்க்க வேண்டுமென்று முல்லைத்தீவிலிருந்து கேட்டால், இப்போதைக்கு நீங்களே இரண்டு வரிகளைச் சேர்த்துச் செய்நிரலை மறுபடி தொகுத்து அனுப்ப வேண்டும். பட்டியலை ஒரு எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒரு குளமாக, பெயருக்கும் மட்டத்துக்கும் இடையில் காற்புள்ளி இட்டு வைத்தால், அலுவலகத்தில் இருப்பவரே அதைத் திருத்திக்கொள்ளலாம். ஃபைல்ஸ் வகுப்பின் ரீட்ஆல்லைன்ஸ் மெதட் கோப்பை யூடிஎஃப்-8 என்று கொண்டு எல்லா வரிகளையும் பட்டியலாகத் தரும். ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் பிரித்து, இரண்டு பக்கத்து வெற்றிடத்தையும் நீக்கி, குளம் ரெக்கோர்ட்டாக ஆக்குங்கள். குளவரிசையிலோ மற்ற மெதட்டுகளிலோ ஓர் எழுத்தும் மாறாது.

அந்தக் கோப்பைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடு சேர்ந்துவிடும். ஜாவா அதை நீக்குவதில்லை. வெற்றிடம் நீக்கும் மெதட்டும் அதை வெற்றிடமாகக் கருதுவதில்லை. அதனால் பட்டியலில் முதலாவதாக உள்ள குளத்தின் பெயர் மட்டும், திரையில் சரியாகத் தெரிந்தாலும், தேடும்போது அகப்படாது. முதல் வரியின் முதல் எழுத்தின் குறியெண் பதினறும முறையில் எஃப்ஈஎஃப்எஃப் ஆக இருந்தால் அதை வெட்டிவிடும் இரண்டு வரிகளைக் கோப்பை வாசிக்கும் மெதட்டுக்குள் சேர்த்து வையுங்கள்.